கடும் நியூமோனியாவில் சிறுநீரகத்தைக் கவனிக்கும் முறை: வீட்டிலும் வாட்டிலும்

நியூமோனியா என்று வாட்டில் சேர்த்தவரைப் பார்க்க வருகிறவர்கள் இருமல் எப்படி, மூச்சு எப்படி, காய்ச்சல் விட்டதா என்றுதான் கேட்பார்கள். சலம் (சிறுநீர்) எவ்வளவு போனது என்று கேட்பவர் அரிது. ஆனால் பக்ரீரியாவால் வரும் கடும் நியூமோனியாவில் நுரையீரலை விட்டு வெளியே நோய் பரவினால் முதலில் அடிபடும் உறுப்புகளில் ஒன்று சிறுநீரகம். அது கெடும்போது நோவதில்லை. சலத்தின் அளவு குறைவதுதான் பெரும்பாலும் முதல் அடையாளம். ரத்த ரிப்போட்டில் அது தெரிய ஒரு நாளோ இரண்டு நாளோ பிந்தும்.

இந்த வழிகாட்டி நோயாளியோடு நிற்பவருக்கானது. மருந்தைத் தெரிவதும் அளவைத் தீர்மானிப்பதும் டொக்டரின் வேலை. அளப்பது, எழுதுவது, தெரிந்ததை மறைக்காமல் சொல்வது, கொடுக்கக் கூடாததைக் கொடுக்காமல் விடுவது உங்கள் வேலை.

ஏன் கெடுகிறது

இதயம் அடித்து அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. நுரையீரலில் தொற்று முற்றி, அதற்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறும்போது ரத்தக்குழாய்கள் தளர்ந்து கசியத் தொடங்கும், பிரஷர் விழும், அந்தப் பங்கு குறையும். பிரஷர் பெரிதாக விழாதவருக்கும் சிறுநீரகம் கெடுவதுண்டு, ஏனென்றால் அழற்சிப் பொருட்கள் அதன் நுண்குழாய்க் கலங்களை நேரடியாகவும் தாக்குகின்றன. இதோடு மூன்று நான்கு நாள் காய்ச்சலில் சாப்பாடும் தண்ணீரும் இறங்காமல் உடல் வறண்டிருக்கும், ரத்தத்தில் ஒக்சிசனும் குறைந்திருக்கும். அடுத்த காரணம் வீட்டிலிருந்தே வருவது: குளிசை.

வீட்டிலிருந்து புறப்படுமுன்

வயல் வேலையின் நாரி உளைவுக்கும் கைகால் உளைவுக்கும் பாமசியில் வாங்கி வைத்த டைக்லோபெனக், இபுபுரூபன், மெபனமிக் அசிட் போன்றவை பல வீடுகளில் எப்போதும் இருக்கும். நியூமோனியாவின் முதல் நாட்களில் உடம்பு உளையும்போது கை தானாக அந்த மட்டைக்குத்தான் போகும். இந்த நோவுக் குளிசைகள், சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் வழியைத் திறந்து வைத்திருக்கும் பொருளை நிறுத்திவிடுகின்றன. லொசாட்டன், எனலப்ரில் போன்ற பிரஷர் குளிசைகள் ரத்தம் வெளியேறும் வழியைத் தளர்த்துகின்றன. உள்ளே வருவது குறைந்து, வெளியே போவது எளிதானால் வடிகட்டத் தேவையான அழுத்தம் இராது. பிரசமைட், ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற சலம் போக்கும் குளிசையும் சேர்ந்துவிட்டால், உடல் வறண்டிருக்கும் ஒருவரின் சிறுநீரகம் ஓரிரு நாளிலேயே படுத்துவிடலாம்.

காய்ச்சலுக்கும் உளைவுக்கும் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிறாம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிறாம் என்ற கணக்கு. 40 கிலோ ஆளுக்கு அது 600 மில்லிகிறாம்தான். ஒரு குளிசை போதும்.

சீனி வருத்தத்துக்கு மெற்போமின் எடுப்பவர் சாப்பிடாமல், சத்தியெடுத்துக்கொண்டு இருந்தால் அந்த நாட்களில் அதை நிறுத்தி வைக்க வேண்டும். சிறுநீரகம் தளரும்போது அது உடலில் தேங்கி ரத்தத்தை அமிலமாக்கலாம். எம்பாகிளிபுளோசின், டப்பாகிளிபுளோசின் போன்ற சீனிக் குளிசைகளுக்கும் நிறுத்தம்தான். லொசாட்டன் வகைக் குளிசைகளைப் பற்றி அன்றைக்கே டொக்டரிடம் கேளுங்கள். இதய பலவீனத்துக்குச் சலக்குளிசை எடுப்பவர் தானாக அதை நிறுத்தக் கூடாது. இன்சுலினையும் நீண்டகாலம் எடுத்துவரும் பிரெட்னிசலோனையும் எக்காரணம் கொண்டும் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

புறப்படும்போது எல்லாக் குளிசைகளையும் மட்டையோடு ஒரு பையில் போடுங்கள். "ஒரு வெள்ளைக் குளிசை, ஒரு சிவப்புக் குளிசை" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. மொழி மாறும் இடத்திலும் மட்டை தானே பேசும். சிங்களம் புழங்கும் அம்பாறை வைத்தியசாலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் உதவும். கிளினிக் கொப்பியையும் எடுங்கள். கிறியற்றினின் என்பது தசையிலிருந்து வந்து சிறுநீரகத்தால் வெளியேறும் கழிவு; சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும். கொப்பியில் அதன் பழைய அளவு இருந்தால், அந்த ஓர் எண் டொக்டருக்குப் பெரிய உதவி.

காய்ச்சலும் இருமலும் உள்ளவர் நிமிடத்துக்கு 30 தடவையோ அதற்கு மேலோ மூச்செடுத்தாலும், மேல் பிரஷர் 90க்குக் கீழே போனாலும், விரலில் மாட்டும் ஒக்சிசன் மானி 92க்குக் கீழே காட்டினாலும், பேச்சுக் குழம்பினாலும், காலையிலிருந்து மாலைவரை ஒரு தடவையும் சலம் போகாவிட்டாலும் "விடியட்டும், மறுகாப் பாப்பம்" என்று வைத்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். படுவான்கரைப் பக்கம் மழைக்கு வீதிகளில் வெள்ளம் ஏறும் நாட்களில் முடிவைப் பகலிலேயே எடுங்கள்.

சலத்தை அளப்பது

இதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஒரு லீற்றர் பிடிக்கும் தெளிவான பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டுங்கள். பாணி மருந்தோடு வரும் அளவுக் கோப்பையாலோ ஊசி இல்லாத சிரிஞ்சாலோ 50 மில்லிலீற்றர் வீதம் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு தடவையும் அழியாத பேனையால் கோடு போடுங்கள். வெட்டிய விளிம்பில் பிளாஸ்டர் ஒட்டினால் கையைக் கிழிக்காது. "சலம்" என்று பெரிதாக எழுதி வையுங்கள். வாட்டில் தண்ணீர்ப் போத்தலோடு மாறுவதுண்டு.

அளவுகோல் இதுதான்: வளர்ந்தவருக்கு மணித்தியாலத்துக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது அரை மில்லிலீற்றர். 50 கிலோ ஆளுக்கு மணிக்கு 25, ஆறு மணித்தியாலத்துக்கு 150, ஒரு நாளைக்கு 600 மில்லிலீற்றர். 60 கிலோவுக்கு 30, 180, 720. 70 கிலோவுக்கு 35, 210, 840. சிறுநீரகப் பாதிப்பை மூன்று நிலையாகப் பிரிப்பார்கள், மூன்றாவதுதான் கடுமையானது. ஆறு மணித்தியாலம் தொடர்ந்து இதற்குக் குறைந்தால் முதல் நிலை, தாதியிடம் சொல்லுங்கள். பன்னிரண்டு மணித்தியாலம் குறைந்தே இருந்தால் அது இரண்டாம் நிலைப் பாதிப்பு. மணிக்குக் கிலோவுக்கு 0.3 மில்லிலீற்றருக்குக் கீழே 24 மணித்தியாலம் போனாலோ, 12 மணித்தியாலம் ஒரு சொட்டும் இல்லாவிட்டாலோ அது மூன்றாம் நிலை.

ஒரு கொப்பியில் நேரம், அளவு, நிறம் மூன்றையும் எழுதுங்கள். குடித்ததையும் எழுத வேண்டும். வீட்டுத் தேத்தண்ணிக் கோப்பை எத்தனை மில்லிலீற்றர் பிடிக்கும் என்று ஒருதரம் அளந்து வைத்தால் பிறகு எண்ணினால் போதும். கஞ்சியும் சூப்பும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். பம்பஸ் கட்டியவருக்கு, காய்ந்த பம்பஸின் எடையை ஈரமானதன் எடையிலிருந்து கழியுங்கள். ஒரு கிறாம் ஒரு மில்லிலீற்றர்.

கணக்குப் பிழைப்பது பெரும்பாலும் கழிவறையில்தான். மலம் போகும்போது சேர்ந்து போன சலம் எழுதப்படுவதில்லை. அடுத்த பிழை ஆள் மாறும்போது வருவது: பகலில் மகள் எழுதுவார், இரவில் நிற்கும் மருமகன் பையை ஊற்றிவிட்டு எழுத மறப்பார். கொப்பியைக் கட்டிலிலேயே கட்டிவிடுங்கள்.

சலக்குழாய் போட்டிருந்தால், சலம் திடீரென்று அறவே நின்றதும் பயப்படுமுன் குழாயைப் பாருங்கள். தொடைக்கடியில் மடிந்திருக்கிறதா, பை கட்டிலுக்கு மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கிறதா, உள்ளே ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா? பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் முட்டக் கூடாது. குழாய் இல்லாத வயதான ஆணுக்கு அடிவயிறு கல்லுப்போல மேடாகி, போக முடியாமல் அந்தரப்பட்டால் வயிற்றுக்குள் சலப்பையில் சலம் நிறைந்திருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது. அது வேறு சிக்கல், குழாய் போட்டால் தீரும்.

நிறமும் பேசும். கடும் மஞ்சள் வறட்சியைக் காட்டும். கடுந்தேயிலைச் சாயம்போல இருந்தால் தசை சிதைவதாலோ ரத்தம் கலப்பதாலோ இருக்கலாம். நுரை அடங்காமல் இருந்தால் புரதம் கசிவதாக இருக்கலாம். இவற்றை அப்படியே சொல்லுங்கள். "சலம் சரியில்ல" என்றால் யாருக்கும் விளங்காது.

ரிப்போட்டைப் படிப்பது

கிறியற்றினின் சில ஆய்வுகூடங்களில் மைக்கிரோமோலிலும் சிலவற்றில் மில்லிகிறாமிலும் வரும். மில்லிகிறாம் எண்ணை 88.4ஆல் பெருக்கினால் மைக்கிரோமோல் கிடைக்கும். 1.0 என்பது 88, 2.0 என்பது 177. வாட்டில் ஒன்றும் வெளியில் எடுத்ததில் வேறொன்றும் இருந்தால், மாற்றிப் பார்க்காமல் கூடிவிட்டது குறைந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

பார்க்க வேண்டியது ஏற்றம். 48 மணித்தியாலத்தில் 26.5 மைக்கிரோமோலுக்குக் குறையாமல் கூடினாலோ, ஏழு நாளுக்குள் பழைய அளவின் ஒன்றரை மடங்கானாலோ சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது. இரண்டு மடங்கு இரண்டாம் நிலை, மூன்று மடங்கு மூன்றாம் நிலை. 55 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் போன வருடக் கிளினிக் கொப்பியில் 80 என்றிருந்து, சேர்த்த அன்று 130 வந்தால் முதல் நிலை. மறுநாள் 190 என்றால் இரண்டாம் நிலை, அதற்கடுத்த நாள் 250 என்றால் மூன்று. இங்கே ஒரு பொறி உண்டு. மெலிந்த முதியவருக்குத் தசை குறைவு, அவரது இயல்பான அளவே 50 ஆக இருக்கலாம். அது 100 ஆனால் இரட்டித்துவிட்டது, ஆனால் ரிப்போட்டில் அச்சிட்ட எல்லைக்குள் "நோமல்" என்றுதான் தெரியும். பழைய கொப்பி வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ரத்தத்தில் யூரியா என்ற இன்னொரு கழிவு 7 மில்லிமோலுக்கு மேல் போவது நியூமோனியாவின் கடுமையை எடைபோடும் ஐந்து அடையாளங்களில் ஒன்று. மற்ற நான்கு: குழப்பம், 30 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, விழுந்த பிரஷர், 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயது. ஐந்தில் மூன்று இருந்தால் கடுமையானது.

உடனே உயிருக்கு ஆபத்தாவது, சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் பொற்றாசியம் என்ற உப்பு. 3.5 முதல் 5 வரை இயல்பு, 6.5ஐ எட்டினால் அவசரம். எந்த உணர்வும் இல்லாமலே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். அதைக் குறைக்க நேரம் எடுப்பதால் முதலில் கல்சியம் குளுக்கனேற் ஊசியால் இதயத்தைக் காப்பார்கள். பிறகு இன்சுலினைக் குளுக்கோசோடு கொடுத்துப் பொற்றாசியத்தைக் கலங்களுக்குள் தள்ளுவார்கள். சீனி வருத்தம் இல்லாதவருக்கு ஏன் இன்சுலின் என்று தடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு சில மணித்தியாலம் சீனி விழக்கூடும். வியர்த்தால், நடுங்கினால் கூப்பிடுங்கள். ரத்தம் எடுக்கும்போது கலங்கள் உடைந்தாலும் பொற்றாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும். ஆகவே இரண்டாம் தரம் ரத்தம் எடுப்பது வீண்வேலை இல்லை.

சேலைனும் அன்ரிபயோட்டிக்கும்

இந்த நோயின் பெரிய இக்கட்டு இங்கேதான். சிறுநீரகம் தண்ணீர் கேட்கும், நுரையீரல் வேண்டாம் என்னும். பிரஷர் விழுந்தவருக்கு முதல் மூன்று மணித்தியாலத்தில் கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் சேலைன் என்பது பொதுவான தொடக்கம். 55 கிலோவுக்கு 1650 மில்லிலீற்றர். அதற்கும் பிரஷர் ஏறாவிட்டால் மேலும் மேலும் சேலைன் ஏற்றாமல், ரத்தக்குழாய்களை இறுக்கும் நொரட்ரினலின் மருந்தைத் தொடங்குவார்கள். ஏற்றியது சலமாகப் போகாவிட்டால் கசியும் நுரையீரலில்தான் தேங்கும். "சலம் போகல்ல, இன்னொரு சேலைன் போடுங்க" என்று கேட்பதும், தண்ணீர் தண்ணீராகப் பருக்குவதும் இதனால்தான் ஆபத்து. ஒவ்வொரு காலையும் ஒரே நேரத்தில் எடை பார்க்க முடிந்தால் நல்லது. ஒரே நாளில் ஒரு கிலோ கூடினால் அது சதையல்ல, ஒரு லீற்றர் தண்ணீர். பிரசமைட் ஊசி தேங்கிய தண்ணீரை இறக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் குணமாக்காது.

அன்ரிபயோட்டிக் விடயத்தில், முதல் 48 மணித்தியாலத்தில் சிறுநீரகத்துக்குப் பயந்து அளவைக் குறைப்பது பல வேளைகளில் பிழை. தொற்று அடங்காமல் சிறுநீரகம் திரும்பாது. பிறகு சிலவற்றுக்கு அளவு மாறும். செவ்ரியாக்சோனுக்குப் பெரும்பாலும் மாற்றம் தேவையில்லை. கிளாரித்ரோமைசினுக்குக் கடும் பாதிப்பில் அளவு பாதியாகும். கிளாரித்ரோமைசின் கொடுக்கும் நாட்களில் சிம்வாஸ்ரற்றின், அற்றோவாஸ்ரற்றின் என்ற கொலஸ்ரோல் குளிசைகள் நிறுத்தப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் தசை சிதையும், அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். ஜென்ரமைசினும் வன்கோமைசினும் சிறுநீரகத்தையே தாக்கக்கூடியவை. அவை அவசியமானால் ரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுக்கப்படும். ஓரிரு வாரத்தில் காய்ச்சல் திரும்ப, தோல் தடிக்க, இறங்கிய கிறியற்றினின் மறுபடி ஏறினால், மருந்துக்குச் சிறுநீரகம் காட்டும் ஒவ்வாமையாக இருக்கலாம். வயிற்றெரிவுக்கு எடுக்கும் ஒமெப்ரசோல்கூட இதைச் செய்யும்.

என்ன கொடுப்பது, எதைத் தவிர்ப்பது

நோயாளியைப் பார்க்க வருபவர் செவ்விளநீரோடு வருவது நம் வழக்கம். சலம் குறைந்தவருக்கு அது கூடவே கூடாது. இளநீர் ஒரு லீற்றரில் பொற்றாசியம் ஏறக்குறைய 40 முதல் 60 மில்லிமோல். ஜீவனிக் கரைசலில் (உப்பும் சீனியும் கலந்த பக்கற்) 20தான், அதுவும் டொக்டர் சொன்னால் மட்டும். வாழைப்பழம், தோடம்பழச்சாறு, தக்காளி, இலைக்கஞ்சி, கீரைச்சாறு எல்லாம் பொற்றாசியம் இறங்கும்வரை நிற்கட்டும். காமரங்காயும் அதன் சாறும் முற்றாக வேண்டாம். அதிலுள்ள ஒட்சலேற்று சிறுநீரகத்தில் படிகமாகப் படியும், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வலிப்பும் வரலாம். சலம் போக என்று அவிக்கும் நெருஞ்சில் கசாயம் அடைப்பைத் திறக்காது, கணக்கில் இல்லாத தண்ணீரையும் பொற்றாசியத்தையும்தான் சேர்க்கும். மறுபுறம், சிறுநீரகத்துக்குக் கூடாது என்று முட்டையையும் மீனையும் அடியோடு நிறுத்துவதும் பிழை. கடும் நோயில் உடல் தன் தசையையே தின்னும்; புரதம் தேவை. சோற்றுக்கஞ்சி, அவித்த முட்டை, குழம்பில்லாத மீன் துண்டு என்று சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

வயலில் இறங்கியவர் என்றால் சொல்லுங்கள்

பெரும்போக மழையோடு வயல் வட்டைக்குள் நின்றவர், சேற்றில் காலில் காயம் பட்டவர், அவருக்குச் சீனி வருத்தமும் இருந்தால் அதை முதல் நாளே சொல்லுங்கள். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பக்ரீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் நியூமோனியாவாகவே வெளிப்படலாம். வழக்கமான மருந்துகளுக்கு அது சரியாக அடங்காது. இரத்த வளர்ப்புச் சோதனை செய்து, செவ்ற்றாசிடிம் அல்லது மெறோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், அதன் பின் மூன்று மாதமளவில் கோற்றைமொக்சசோல் குளிசை என்பது முறை. அந்தக் குளிசை பொற்றாசியத்தையும் கிறியற்றினினையும் கூட்டக்கூடியது. வீட்டுக்கு வந்தபின் ரத்தப் பரிசோதனைத் திகதியைத் தவறவிடாதீர்கள். காய்ச்சல் இல்லை என்று குளிசையை இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

எலிக்காய்ச்சலும் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒன்றாகத் தாக்கும். நெஞ்சுப் படத்தில் நியூமோனியாபோலவே தெரியலாம். கெண்டைக்கால் தொட முடியாத நோவு, சிவந்த கண், மஞ்சள் நிறம் இருந்தால் சொல்லுங்கள். இதில் அளவுப் போத்தல் ஏமாற்றும்: சலம் தாராளமாகப் போய்க்கொண்டிருக்க, பொற்றாசியம் குறைந்து, கிறியற்றினின் மட்டும் ஏறும். சலம் போகிறது, ஆகவே சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்கு வர வேண்டாம்.

டயலிசிஸ் என்று சொன்னால்

டயலிசிஸ் என்பது சிறுநீரகத்துக்குப் பதிலாக மெசினால் ரத்தத்தை வடிகட்டுவது. அதற்கு நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும்: மருந்துக்கு இறங்காத பொற்றாசியம், திருத்த முடியாத அமிலத்தன்மை, நுரையீரலில் தேங்கி வெளியேறாத நீர், கழிவு கூடியதால் வரும் மயக்கமோ இதயச் சவ்வு அழற்சியோ. கழுத்திலோ அரையிலோ ஒரு தற்காலிகக் குழாய் போடுவார்கள். இருக்கும் இடத்தில் வசதி இல்லாவிட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற இடத்துக்கு மாற்றுவார்கள்; மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டாம். டயலிசிஸ் தொடங்கினால் ஆயுள் முழுக்க என்ற பயத்தில் கையெழுத்துப் போடத் தயங்குபவர் பலர். தொற்றால் திடீரென்று கெட்ட சிறுநீரகம், முன்பு நன்றாக இருந்ததென்றால், பெரும்பாலும் நாட்களில் அல்லது வாரங்களில் திரும்பும். முன்பே பழுதான சிறுநீரகத்துக்கு அந்த உறுதி குறைவு.

பிள்ளைகளுக்கு

கைக்குழந்தைக்கு மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு ஒரு மில்லிலீற்றர் சலம் வேண்டும். 2 முதல் 11 மாதம்வரை நிமிடத்துக்கு 50 மூச்சும், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 மூச்சும் ஆபத்தின் எல்லை. நியூமோனியாவில் இருக்கும் சிறுபிள்ளை திடீரென்று வெளிறி, சலம் குறைந்து, ரத்தத் தட்டுகளும் (பிளேற்லெற்) குறைந்தால், நியூமோகொக்கஸ் பக்ரீரியா ரத்தக்கலங்களை உடைத்துச் சிறுநீரகத்தைத் தாக்குகிறதா என்று பார்ப்பார்கள். அரிது, ஆனால் மணித்தியாலங்களில் முற்றும். காய்ச்சலுக்குப் பின் முகம் ஊதி, சலம் கோலா நிறத்தில் போனால் அதே நாள் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

சிறுநீரகம் திரும்பும்போது சலம் ஒரேயடியாகப் பெருகி நாளுக்கு மூன்று நான்கு லீற்றர்கூடப் போகும். சந்தோசம்தான், ஆனால் அப்போது தண்ணீரும் உப்பும் பொற்றாசியமும் இழக்கப்படும். முன்பு தடுத்த தண்ணீரை இப்போது டொக்டர் கூட்டச் சொல்வார்.

வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் காட் அட்டையில் கடைசிக் கிறியற்றினின் எழுதியிருக்கிறதா என்று வாட்டை விட்டு இறங்குமுன் பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரக் கேளுங்கள். நிறுத்திய லொசாட்டனையும் மெற்போமினையும் எப்போது திரும்பத் தொடங்குவது என்றும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தானாகத் தொடங்குவதும், தொடங்காமலே விட்டுவிடுவதும் இரண்டும் நடக்கிறது. ஓரிரு வாரத்தில் கிறியற்றினினும் பொற்றாசியமும், மூன்று மாதத்தில் கிறியற்றினின், சலத்தில் அல்புமின் என்ற புரதம், பிரஷர் மூன்றும் பார்க்க வேண்டும். நீண்ட நாள் படுக்கையில் கிடந்து தசை கரைந்தவருக்குக் கிறியற்றினின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். முதல் ரிப்போட் நன்றாக இருக்கிறது என்று மூன்றாம் மாதத்தைத் தவிர்க்காதீர்கள்.

கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிறுநீரகம் அடிபட்ட மாதத்தையும், ஏறிய உச்ச அளவையும், "டைக்லோபெனக் வகை நோவுக் குளிசை, ஊசி வேண்டாம்" என்ற வரியையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த அறுவடையில் நாரி உளையும்போது பாமசிக்குப் போகிறவர் அந்தக் கொப்பியையும் கையில் கொண்டுபோகட்டும்.